ஓவியம் வரைந்தால் தேவாங்கு பிழைக்குமா?

கேள்வி இது: “ஓவியக் கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அழிந்துவரும் உயிரினங்களுக்காக நடக்கும் ஒரு ரெசிடென்சிக்கு, அதாவது கலைஞர்கள் ஓரிடத்தில் சில காலம் தங்கி வேலை செய்யும் ஏற்பாட்டுக்கு, விண்ணப்பிக்கப் போகிறேன். தேவாங்கை வரைய ஆசை. வீட்டிலோ, ‘நீ படம் போட்டா தேவாங்கு பிழைச்சிடுமா?’ என்று கேட்கிறார்கள். கலைஞர்கள் இப்படிப் போய்த் தங்கிக் கண்காட்சி வைத்ததில் உண்மையிலேயே ஏதாவது பலன் இருந்திருக்கிறதா?”

வீட்டில் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள், கோபப்படாதீர்கள். பிழைக்காது. ஒரு படம் மட்டும் போய் ஒரு விலங்கைக் காப்பாற்றியதாக நான் அறிந்தவரை இல்லை. ஆனால் பேச்சு அதோடு முடிவதில்லை. கண்காட்சிகளுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது பல வருடமாக என் பிழைப்பு. அதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. படம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அது எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறது, யார் வந்து பார்க்கிறார்கள் என்று பார்ப்பேன். அந்த விலங்கோடு நிலத்தைப் பங்குபோட்டு வாழ்கிறவர் கண்ணில் அது பட்டதா? இல்லாவிட்டால் அவர் கைக்காவது ஏதாவது போய்ச் சேர்ந்ததா? இப்படிக் கேட்டாலே பாதி வேலைகள் உதிர்ந்துவிடும்.

உதிர்வதில் பெரிய பெயர்களும் உண்டு. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1983-ல் அழிந்துவரும் பத்து உயிரினங்களை அச்சுப்படங்களாகப் போட்டார். நியூயார்க் கலை வணிகர்களான ஃபெல்ட்மன் தம்பதி கேட்டுச் செய்த வேலை. ஆப்பிரிக்க யானை, கறுப்புக் காண்டாமிருகம், உராங்குட்டான், பாண்டா, ஒரு மரத்தவளை, ஒரு வண்ணத்துப்பூச்சி என்று எல்லாமே சினிமா நட்சத்திரம் போல நீலமும் ரோஜா நிறமுமாகப் பளபளக்கும். இன்று அவை ஏலத்தில் பெரும் விலைக்குப் போகின்றன. அந்தப் பத்தில் வெண்தலைக் கழுகு நன்றாக மீண்டு, 2007-ல் அமெரிக்காவின் ஆபத்துப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. அதற்குக் காரணம் வார்ஹோல் கிடையாது. டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மருந்து கழுகு முட்டையின் ஓட்டை மெலிதாக்கி உடைய வைத்தது. 1972-ல் அங்கே அந்த மருந்துக்குத் தடை வந்தது, கழுகு பிழைத்தது. மருந்தை நிறுத்தியது சட்டம். படம் அதற்குப் பதினொரு வருடம் கழித்து வந்தது.

சரி, ரெசிடென்சிக்கு வருவோம். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கலாபகோஸ் தீவுகள். ஈக்வடார் கரையிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலில் இருக்கின்றன. 2007-ல் யுனெஸ்கோ அவற்றை ஆபத்திலிருக்கும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. வெளியிலிருந்து வந்த செடிகளும் விலங்குகளும், பெருகிவிட்ட சுற்றுலா, குடியேற்றம், அளவு மீறிய மீன்பிடி எல்லாம் காரணம். 2010-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சரியாக இந்தக் காலத்தில்தான், 2007 முதல் 2011 வரை, குல்பென்கியன் அறக்கட்டளையின் பிரிட்டன் கிளையும் கலாபகோஸ் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்து பன்னிரண்டு கலைஞர்களை அங்கே அனுப்பின. தீவிலுள்ள சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகளின் துணையும் இருந்தது.

அங்கே போகிற யாரும் ராட்சத ஆமை, கடல் உடும்பு, நீலக்கால் பூபிப் பறவை என்று மனதில் ஒரு தபால் அட்டையோடுதான் போவார்கள். போய் இறங்கியதும் மளிகைக் கடை, டாக்ஸி, பள்ளிக்கூடம், டி.வி. நிலையம் எல்லாம் இருக்கும். பல்லாயிரம் பேர் குடியிருக்கிற இடம் அது. ரெசிடென்சியின் முதல் பயன் என்று நான் சொல்வது இந்த அதிர்ச்சியைத்தான். ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் அங்கே போய் ஆமையை விட்டுவிட்டுச் சேவல் சண்டையைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார். அனுப்பியவர்கள் என்ன நினைத்தார்களோ! என்னைக் கேட்டால் டார்வினின் தீவில் எடுக்க வேண்டிய படமே அதுதான். இரண்டு சேவல்களை மோதவிட்டு மனிதன் சுற்றி நின்று பார்க்கிறான்.

இன்னொருவர் மார்கஸ் கோட்ஸ். 2008-ல் அவர் அட்டைகளை வெட்டி ஒட்டி நீலக்கால் பூபிப் பறவை வேடம் கட்டினார். அந்தக் கோலத்திலேயே சாந்தா குரூஸ் தீவின் ஊருக்குள் நடந்து, மனிதர்களைப் பற்றி ஒரு செய்தித் தொகுப்பு எடுத்தார். இயற்கைப் படங்களில் வரும் குரல் பறவையைப் பற்றிப் பேசுமே, அதே தோரணையில் பறவை மனிதனைப் பற்றிப் பேசும்: இவை எங்கே கூடு கட்டுகின்றன, எதற்கு இத்தனை சாமான் சேர்க்கின்றன, எதற்கு இப்படிப் பெருகுகின்றன. இது எங்கே ஓடியது தெரியுமா? தீவின் உள்ளூர்த் தொலைக்காட்சியில். மீனவரும் கடைக்காரரும் சுற்றுலா வழிகாட்டியும் வீட்டில் சாப்பிட்டபடி பார்க்கிற சேனல்.

அது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அந்தக் கடலின் அடியில் கிடக்கும் கடல் அட்டை என்ற உயிரினத்துக்குப் பெரும் கிராக்கி. அரசு அதைப் பிடிப்பதை நிறுத்தியதும், 1995 ஜனவரியில் மீனவர்கள் டார்வின் ஆய்வு நிலையத்தை முற்றுகையிட்டார்கள், ஆமைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினார்கள். ராமநாதபுரம் கடற்கரையில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 2001-ல் இங்கும் கடல் அட்டைக்குத் தடை வந்தது. ‘அட்டைக்கு இருக்கிற மரியாதை எங்களுக்கு இல்லையா’ என்ற கேள்வி நம் கரையிலும் உண்டு. தீவு மீனவருக்கும் அதே ஆத்திரம்தான். வெளியூர் ஆள் வந்து நம் ஆமையைக் காப்பாற்றுகிறான், நம்மைக் குற்றவாளி ஆக்குகிறான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வெளிநாட்டுக்காரர் காகித அட்டையில் செய்த பறவையாக வந்து, சிரிக்க வைத்துக்கொண்டே உங்களை உற்றுப் பார்க்கிறார். பிரசங்கம் பண்ணியிருந்தால் சேனலை மாற்றியிருப்பார்கள்.

அப்புறம் ஒரு கூடுதல் சேதி. 1960-களில் கலாபகோஸில் 20,000 அளவில் இருந்த நீலக்கால் பூபி சுமார் 6,400 ஆகக் குறைந்துவிட்டது என்று 2014-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அவை தின்னும் மத்தி மீன் குறைந்ததுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். 2008-ல் கோட்ஸ் வேடிக்கையாகப் போட்ட வேடத்தை இன்று பார்த்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது.

அந்தப் பன்னிரண்டு பேரில் காஃபி மேத்யூஸ் என்ற ஒலிக்கலைஞரும் ஒருவர். சுத்தியல் தலைச் சுறாக்கள், நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்பார்களே, அவை திரியும் கடலில் மூழ்கிப் பார்த்தார். விஞ்ஞானிகள் அந்தச் சுறாக்களுக்குக் கருவி பொருத்தி எடுத்திருந்த பயணத் தரவுகளை வாங்கி ஒலியாக மாற்றினார். வழக்கமாகக் கணினிக் கோப்பில் கிடக்கிற எண்கள் அவை. எல்லாருடைய வேலைகளும் 2012-ல் லிவர்பூலில் கண்காட்சியாக வந்தன. பிறகு எடின்பரோ, அடுத்த ஆண்டு லிஸ்பன். நல்ல கண்காட்சிதான். இருந்தாலும் என் பழைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: சாந்தா குரூஸ் மீனவர் எப்போது லிஸ்பன் போவார்? அந்தத் திட்டத்திலேயே அவர் வீட்டுக்குள் போன வேலை என்று கோட்ஸின் பூபியைத்தான் என்னால் சொல்ல முடிகிறது.

கண்காட்சி தொடங்கிய அதே 2012-ல், ஜூன் 24 அன்று, ‘தனிமை ஜார்ஜ்’ செத்துப்போனது. கலாபகோஸின் பின்டா தீவு ஆமை இனத்தின் கடைசி உயிர் அது. கப்பல்காரர்கள் ஆமைகளை இறைச்சிக்காக அள்ளிப்போன பிறகு, 1959-ல் மீனவர்கள் கொண்டுவந்து விட்ட மூன்று ஆடுகள் சில வருடங்களில் பல்லாயிரமாகப் பெருகி மிச்சப் பச்சையையும் மேய்ந்து தீர்த்தன. 1971-ல் இந்த ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. அடுத்த வருடம் ஆய்வு நிலையத்துக்குக் கொண்டுவந்து நாற்பது வருடம் வைத்திருந்தார்கள். வேறு தீவுப் பெண் ஆமைகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். முட்டை வந்தது, குஞ்சு வரவில்லை.

ஜார்ஜை நான் இழுப்பது சோகத்துக்காக இல்லை. இறந்த உடலை அமெரிக்காவில் கெடாமல் பாடம் செய்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்த வேலை. கழுத்தை எட்டி நீட்டி நிற்கிற பாவனை. முன்னங்காலில் ஒரு நகம் இல்லாதிருந்ததைக்கூட விடாமல் அப்படியே செய்தார்கள். இதைச் சிற்பம் என்றுதான் நான் சொல்வேன். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2014 செப்டம்பரிலிருந்து சில மாதம் வைத்தார்கள். பிறகு எங்கே வைப்பது என்று சண்டை. அரசுக்குத் தலைநகர் கீட்டோவில் வைக்க ஆசை. தீவுக்காரர்கள் எங்கள் ஜார்ஜ் எங்களுக்கே வேண்டும் என்று நின்றார்கள். 2017-ல் சாந்தா குரூஸுக்கே திரும்பிவந்தது. ஆமைகளைக் கொல்வோம் என்று ஒரு காலத்தில் மிரட்டல் எழுந்த ஊர், ஒரு பாடம் செய்த ஆமைக்காக அரசோடு மல்லுக்கு நிற்கிறது. நடுவில் இருபது வருடம், எத்தனையோ பேருடைய வேலை. கலை அதில் ஒரு சிறு பங்கு.

வேலையை உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பதையே வேலையாகச் செய்தவர் டாட் மெக்ரெய்ன். அமெரிக்கச் சிற்பி, கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தில் ரெசிடென்சி கலைஞராக இருந்தவர். வட அமெரிக்காவில் முற்றாக அழிந்த ஐந்து பறவைகளை ஆளுயர வெண்கலச் சிலைகளாக வார்த்தார். இறகு, வரி எதுவும் கிடையாது. ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழப்பு, தொட்டுத் தடவத் தோன்றும். அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்காமல், ஒவ்வொரு பறவையும் கடைசியாக இருந்த பக்கத்திலேயே நிறுத்தினார். ஹீத் ஹென் என்ற புல்வெளிக் கோழி மார்த்தாஸ் வினியார்ட் தீவில் 1932-ல் கடைசியாகத் தென்பட்டது. அதன் சிலை அந்தத் தீவின் காட்டிலேயே நிற்கிறது. பெரிய ஆக் என்ற பறக்காத கடற்பறவைக்கு நியூஃபவுண்ட்லாந்தின் ஃபோகோ தீவில், கடலைப் பார்த்தபடி சிலை. இதற்காக அவர் ஊர் ஊராகப் போய்ப் பூங்கா அதிகாரிகளிடமும் ஊர்க்கூட்டங்களிலும் பேசி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கேட்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் ‘இந்தப் பறவை எங்கள் ஊரிலா கடைசியாக இருந்தது?’ என்று ஒரு கூட்டமே வாய்விட்டுக் கேட்பது அந்த அனுமதிப் படலத்தில்தான்.

தொழில்நுட்பம் வைத்துச் செய்யும் வேலைகளும் இருக்கின்றன. அலெக்சாண்ட்ரா டெய்சி கின்ஸ்பெர்க் என்ற கலைஞர் 2019-ல் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைக் கணினியில் உயிர்பெற வைத்து, ஆள் எதிரே நிஜ அளவில் உலவவிட்டார். அந்த இனத்தின் கடைசி ஆண், சூடான் என்ற பெயருடையது, 2018 மார்ச்சில் கென்யாவில் இறந்தது. தாயும் மகளுமாக இரண்டு பெண்கள்தான் மிச்சம். கணினி மிருகம் முதலில் கட்டம் கட்டமாகத் தெரிந்து, மெல்ல மெல்ல நிஜமாகி, கடைசியில் உங்களைப் பார்க்கும். இருக்கும்போது காப்பாற்றாதவன் நகலுக்கு ஏன் இத்தனை மெனக்கெடுகிறான் என்பது அவர் கேள்வி. கூர்மையான கேள்விதான். ஆனாலும் அது அருங்காட்சியக அறைக்குள்ளேயே கேட்டு அடங்கிவிடுகிறது என்று எனக்கு ஒரு குறை.

இப்போது நம் பக்கத்து வேலை ஒன்று: நீலகிரிக் கூடலூரில் செய்யப்படும் உண்ணிச்செடி யானைகள். உண்ணிச்செடியை உங்களுக்குத் தெரியும். ஊர் ஓரமெல்லாம் மஞ்சளும் ரோஜாவுமாகப் பூத்துக் கிடக்கும். வெள்ளைக்காரர் அழகுக்காகக் கொண்டுவந்த செடி, காட்டுக்குள் புகுந்து புல்லை மூடிவிட்டது. இந்தியக் காடுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பரவியிருப்பதாக 2020-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. யானைக்கு மேய்ச்சல் குறைகிறது, அது தோட்டத்துக்கும் வீட்டுப் பக்கமும் வருகிறது. கூடலூர் வட்டாரத்தில் சுமார் 150 யானைகள் இரண்டரை லட்சம் மனிதர்களுக்கு நடுவே வாழ்கின்றன.

தார்ஷ் தெக்கேகரா, சுப்ரா நாயர் போன்றோர் தொடங்கிய அமைப்பு இந்த உண்ணிச்செடியையே எடுத்து யானை செய்கிறது. பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் என்று பழங்குடிக் கைவினைஞர்கள் சுமார் 200 பேர் செய்கிறார்கள். தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டையை உரித்து, சூடு ஆறுவதற்குள் இரும்புக்கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு சிலையும் அந்தக் காட்டில் நிஜமாகத் திரியும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. பொதுவாக ‘யானை’ என்று ஒன்றும் கிடையாது. இன்ன காது, இன்ன முதுகு, இன்ன குணம். அந்த யானைகளைத் தினம் பார்த்து வழிவிட்டு வாழ்கிறவர்கள்தான் செய்கிறவர்களும். கலைஞர் வெளியூரிலிருந்து வந்து தங்குகிறார், ஊர்க்காரர் வேடிக்கை பார்க்கிறார் என்ற வழக்கமான ஏற்பாடு இங்கே அப்படியே தலைகீழ்.

இந்த யானைச் சிலைக் கூட்டம் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றது. 2024 முதல் நூறு யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட், நியூயார்க், மயாமி என்று ஊர் ஊராகப் போயின. மொன்டானாவில் பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலத்துக்கும் போயின. சிலைகளை விற்று வரும் பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான திட்டங்களுக்குப் போகிறது. எனக்கு இதிலும் நெருடல் உண்டு. வெட்டிய உண்ணிச்செடி, பரவிக் கிடப்பதற்கு முன்னால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. கப்பல் ஏற்றி உலகம் சுற்றுவது சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்றும் கேட்கலாம். ஆனால் கூலி கூடலூரில் இறங்குகிறது, செடி முதுமலைப் பக்கத்திலிருந்து போகிறது. பார்ப்பவர் எங்கேயோ இருந்தாலும் பலன் யானைக்குப் பக்கத்திலேயே விழுகிறது. அதனால் என் சல்லடையில் இது தங்குகிறது.

உங்கள் தேவாங்குக்கு வருகிறேன். சில வருடம் முன்பு திண்டுக்கல் பக்கம் ஓர் ஓவிய முகாமுக்குக் குறிப்பு எழுதப் போயிருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது வேண்டாம். பொருள் தேவாங்கு, பத்து ஓவியர்கள், மூன்று நாள். தேவாங்கு இரவில்தான் நடமாடும். முகாம் அட்டவணையிலோ காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஓவியம், இரவு ஏழரைக்குச் சாப்பாடு. ஒருவரும் ஓர் இரவுகூடக் கரட்டுக்குள் போகவில்லை. போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வரைந்தார்கள். எல்லாப் படத்திலும் பெரிய கண், சோகமான கண். கண்காட்சி சென்னையில் நடந்தது. அந்த ஊரிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. நானும் ‘அழிவின் விளிம்பில்’ என்று நாலு வரி எழுதிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டுதான் வந்தேன். குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அங்கே டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்ன விஷயம்தான் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. “முன்னாடி எல்லாம் கிளுவை வேலிங்க. அதுலயே இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்து போயிடும். இப்ப எல்லாரும் கம்பி வேலி போட்டுட்டோம். அது எங்க போகும்?” தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளையிலிருந்து கிளைக்குப் பிடித்துப் பிடித்துத்தான் போகும். கிளுவை மரம் நட்ட அந்த உயிர்வேலி அறுந்தால் தரையில் இறங்க வேண்டும். இறங்கினால் சாலையும் நாயும். பத்து ஓவியத்தில் ஒன்றில்கூட அந்த வேலி இல்லை.

2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அறிவிப்பு வந்துவிட்டது. வேலி, சாலை, ‘தேவாங்கு மாதிரி முழிக்கிறான்’ என்கிற ஏளனம், அதைப் பார்த்தால் ஆகாது என்கிற பயம், மருந்துக்குப் பிடிக்கிற பழக்கம் எல்லாம் அறிவிப்பால் மாறாது. உங்களுக்கு வேலை அங்கேதான் இருக்கிறது.

விண்ணப்பத்தில், எத்தனை நாள் தங்கலாம் என்று முதலில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குக் குறைவு என்றால் போய்ப் பயனில்லை. முதல் பத்து நாள் உங்கள் மனதிலுள்ள தேவாங்கைத்தான் வரைவீர்கள். இரவில் வெளியே போக வனத்துறை அனுமதியை யார் வாங்கித் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புக்குப் போகிற ஆய்வாளர்களோடு சேர்ந்து போக முடிந்தால் போங்கள். அவர்களுக்குத் தொந்தரவாக இல்லாமல், குறிப்பேடு பிடிக்கிற ஆளாகவாவது. முதல் கண்காட்சி ஊரிலேயே என்று எழுதுங்கள். பள்ளிக்கூடச் சுவர், ரேஷன் கடைச் சுவர், திருவிழாப் பந்தல், எதுவாக இருந்தாலும் சரி. சென்னை கேலரி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கண்காட்சியை அமைக்கும் கியூரேட்டர் முகம் சுளித்தால் கலாபகோஸ் டி.வி. கதையைச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது நெற்றி விளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணைக் கூச வைக்கும். சிவப்பு வெளிச்சத்தை வேலி ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் நெருக்கமாக, அசையாமல் திரும்பிப் பார்த்தால் அதுதான். உடனே வரைய ஆரம்பிக்காதீர்கள். அது எந்தக் கிளையைப் பிடித்து எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.